சீராக வந்த தொலைக்காட்சி

என் மனைவியின் தம்பி எங்கள் புதுவீட்டுக்குச் சீராகக் கொண்டுவந்த தொலைக்காட்சியை, கூடியிருந்த உறவினர் அத்தனை பேர் முன்னாலும், "அது சமையக்கட்டுக்கு" என்று சொன்னவன் நான். வாய் தவறி வந்துவிடவில்லை. சிரித்துக்கொண்டே, தெரிந்தே சொன்னேன். வாழ்நாள் முழுக்கக் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன், ஒரு சொல் எங்கே போய் விழும் என்று அறியாதவன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்கள் பக்கம் புதுவீடு புகும்போது பெண்ணின் பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டும். தட்டுகள், குத்துவிளக்கு, அண்டா என்று இருந்தது போய், இப்போது குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி என்று வருகிறது. வருகிற பொருள் எதுவானாலும் அதன் அர்த்தம் ஒன்றுதான்: கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது. என் மனைவிக்கு அப்பா அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மோகனூர்ப் பக்கம் கரும்பும் வாழையும் வைத்திருக்கும் அந்தத் தம்பிதான் அவளுடைய பிறந்த வீடு. வேறு யாரும் இல்லை.

திருச்செங்கோட்டுக்கு வெளியே நாங்கள் வீடு கட்டி முடிக்கிற தறுவாயில் அவர் போன் செய்தார்.

"மாமா, டிவி நம்மூட்டுச் சீருங்க. நீங்க எதும் வாங்கிப் போடாதீங்க. அக்காளையும் கூட்டிட்டு ஒருநா சேலத்துக்கு வாங்க. அவளே பாத்து எடுக்கட்டும்."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, வாரோம்" என்றேன்.

போவதற்கு முன்னால் நான் ஒரு வாரம் கைப்பேசியில் படித்துத் தள்ளினேன். எந்தத் திரையில் புள்ளிகள் தாமே ஒளிர்கின்றன, எதில் பின்னாலிருந்து விளக்கடிக்கிறது, ஒரு நொடியில் படம் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று எல்லாம் தெரிந்துகொண்டேன். கடைக்குள் நுழையும்போது தேர்வறைக்குள் நுழையும் முதல் மதிப்பெண் மாணவனைப் போலிருந்தேன்.

கீழ்த்தளத்தில் விலை குறைந்த வரிசை. சுவர் நிறையத் தொலைக்காட்சிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் சிறகடித்தது. விற்பனைப் பெண் பொறுமையானவர். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நான் திரையைப் பார்த்தேன். கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, பக்கவாட்டில் நின்றால் நிறம் வெளுக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே வந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மைத்துனர் திரைகளையே பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை படம் மாறும்போதும் அக்காவின் முகத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, அவள் கண் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் அவளோடு வாழ்ந்த நான் அப்படி ஒரு பொருளை அவளுக்காகத் தேர்ந்தெடுத்ததில்லை.

நாற்பத்து மூன்று அங்குலத் திரை ஒன்றின் முன் அவள் நின்றாள். "இந்தக் கிளியை மாத்துங்க கண்ணு. நாங்க பாக்கற மாதிரி எதாச்சும் போடுங்க" என்றாள். அந்தப் பெண் ஒரு கோயில் தேரோட்ட நேரலையைப் போட்டார். வடம் பிடிப்பவர்களின் கழுத்துத் துண்டு வரை தெரிந்தது. அவள் சிரித்தாள்.

"இதுக்கே பில்லு போடுங்க" என்றார் மைத்துனர்.

நான் விடவில்லை. "மேல ஒண்ணு இருக்குது மாப்பிள்ளை, அதையும் பாத்துருவோம்" என்று இருவரையும் மாடிக்குக் கூட்டிப்போனேன்.

மாடியில் விளக்கைக் குறைத்து, தரைவிரிப்புப் போட்டு, நடுவில் ஒரு சோபா வைத்திருந்தார்கள். உயர்ரகத் தொலைக்காட்சிகள் அங்கேதான். இப்போதும் சொல்கிறேன், அந்தத் திரையைப் புகழாமல் இருக்க என்னால் முடியாது. இருட்டு அதில் உண்மையான இருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு தீக்குச்சி எரிந்தபோது, குச்சியின் நுனியில் கரி சுருண்டது தெரிந்தது. பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது. ஒளியைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதிக்காட்டிய எதையும் மாணவர்களுக்கு இவ்வளவு அழகாகக் காட்டியதில்லை.

மைத்துனர் விலைச் சீட்டைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது மாமா. நெருப்பத் தொட்டாச் சுடும்போல இருக்குது. ஆனா அக்கா கீழ சிரிச்சா. இங்க சிரிக்கலீங்க."

"எனக்கு இங்க கண்ணு கூசுது தம்பி" என்றாள் அவள். கூசியிருக்காது. தம்பியின் கையிருப்பு அவளுக்குத் தெரியும்.

சரி என்று நானும் தலையாட்டினேன். "கொண்டாங்க மாப்பிள்ளை, ஹால்லயே மாட்டிருவோம்" என்று என் வாயாலேயே சொன்னேன். கீழே வந்து மைத்துனர் அந்த நாற்பத்து மூன்றையே வாங்கினார். விழா அன்றைக்குத்தான் சீராக வரவேண்டும் என்பதால் அவர் அதை மோகனூருக்கு எடுத்துப்போனார்.

அடுத்த வாரம் நான் தனியாகப் பேருந்தேறிச் சேலம் போய், மாடியில் இருந்ததை வாங்கினேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள் விழாவுக்கு வருகிறார்கள், ஹாலின் அவ்வளவு பெரிய சுவரில் சின்னதாக ஒன்று தொங்கினால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் காரணம். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. விழாவுக்கு முந்தின நாள் ஆட்கள் வந்து அதை மாட்டினார்கள். என் மனைவி ஹாலுக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள். "தம்பிகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வந்தாப் பாத்துக்குவான்."

அவள் சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை மேளத்தோடு சீர் வந்தது. பெண்கள் தட்டு ஏந்தி வர, மைத்துனரும் அவருடைய மகனும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெட்டியின் மேல் மஞ்சள் குங்குமம் வைத்து, வாழைப்பழச் சீப்பு ஒன்றும் வைத்திருந்தார்கள். நிலைப்படி தாண்டி உள்ளே வந்ததும் அவர் கண் சுவரில் பட்டது. அங்கே பெரிய திரையில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் போட்டுவிட்டிருந்தேன்.

பெட்டியை அந்த அருவிக்குக் கீழே இறக்கிவைத்தார்கள். அப்போது என் சித்தப்பா முறையில் ஒருவர், யாரையும் விட்டுவைக்காத வாய் அவருக்கு, சுவரைக் காட்டிக் கேட்டார்.

"ஏப்பா வாத்தியாரே, இதென்ன, மச்சான் சீரு ரெண்டா வந்திருக்குது?"

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். "இல்லைங்க சித்தப்பா. இது நான் வாங்குனது. அது சமையக்கட்டுக்கு" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். நானும்தான்.

மைத்துனரும் சிரித்தார். "ஆமாங்க, அக்காளுக்குத்தானுங்களே வாங்கினேன். அவ இருக்கற எடத்துல இருக்கட்டும்" என்று பெட்டியைத் திரும்பத் தூக்கினார். மகன் முகம் சிவந்து நின்றான். "புடிடா" என்றார். இருவரும் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பந்தியில் நின்று என் விருந்தாளிகளுக்கெல்லாம் சோறு பரிமாறினார். என் பேராசிரிய நண்பர்களிடம் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க சாமி" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். தாம்பூலம் வாங்கிக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. வாழைத்தார் வெட்டினால் பேருந்தில் ஏற்றிவிட்டுப் போன் செய்வார். என் உடம்பை விசாரிப்பார். வா என்றால், "தண்ணி கட்டற வேலை இருக்குதுங்க மாமா" என்பார். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வருடத்துக்கொரு தடவையாவது தம்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகாத வீட்டில் என் மனைவி அதுவரை இருந்ததில்லை.

அவளும் என்னோடு சண்டை போடவில்லை. சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் அந்த நாற்பத்து மூன்றை மாட்டச் சொன்னாள். மாலையில் வேலையெல்லாம் அங்கேயே. மாவுக் கையோடு ரிமோட்டைத் தொட முடியாது என்று அதனோடு பேசவும் கற்றுக்கொண்டாள். "பக்திப் பாட்டுப் போடு சாமி" என்று சொன்னால் அது போட்டது. விலை மலிந்த பெட்டி அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தம்பி தோட்டத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் கைப்பேசிப் படத்தை அந்தத் திரைக்கு மாற்றிக்கொள்வாள். கரும்புச் சோகையின் ஓரத்து அரம் வரை தெரியும். "ஏந்தம்பி, மொளகா செடி வாடி நிக்குது?" என்று இங்கிருந்து அதட்டுவாள். நான் ஹாலில் தனியாக, உலகத்திலேயே சிறந்த கறுப்பு நிறத்தின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து அறையில் அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஹாலில் வந்து பாரேன் என்று கூப்பிட்டால், "எனக்கு இங்கயே நல்லாத் தெரியுதுங்க" என்பாள். ஒருநாளும் வந்து உட்காரவில்லை.

முதலில் நான் செய்த பரிகாரம் முட்டாள்தனமானது. ஆள் வைத்துப் பெரியதைக் கழற்றி மாடியறைக்கு அனுப்பிவிட்டு, சின்னதை ஹாலில் மாட்டச் சொன்னேன். ஆள் சமையலறைக்குள் திருப்புளியோடு போனதும் அவள் குறுக்கே நின்றாள்.

"இதத் தொடாதீங்க. சபையில சொன்ன எடத்துலயே இருக்குது, இருக்கட்டும்."

"தப்புத்தான் சொன்னேன். அதைத்தான் சரிபண்ணப் பாக்கறேன்."

"நீங்க சொவத்துலயா சொன்னீங்க, சொவத்துல சரிபண்ண? என்ற தம்பிக்குப் பெரிய மனசுங்க. எனக்கு அப்படி இல்லை."

ஆளுக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன். ஹாலில் இருந்தது ஹாலிலேயே திரும்ப ஏறியது.

அவள் சொன்னது சரி. சபையில் சொன்னதைச் சபையில்தான் எடுக்க முடியும். மைத்துனரின் பேரனுக்கு மோகனூரில் காவிரிக்கரைப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்கள். அதே உறவினர்கள் வந்திருந்தார்கள். சீர்த் தட்டுகளை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"எங்க வீட்டுப் புகுவிழாவுல என் மச்சான் கொண்டாந்த சீரை நான் குறைச்சுப் பேசினேன். ஹால்ல மாட்டறேன்னு சொல்லி வாங்கவெச்சு, வேற ஒண்ணை மாட்டிட்டு அவரை அவமானப்படுத்தினேன். அது என் தப்பு. எல்லாரும் கேட்டீங்க, அதனால எல்லாரும் கேக்கச் சொல்றேன்."

"வாத்தியாரு மைக்கைப் புடிச்சா மணியடிக்கற வரைக்கும் உடமாட்டாரு" என்று அதே சித்தப்பா சொல்ல, சிலர் சிரித்தார்கள். மைத்துனர் வேகமாக வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவருடைய காது சிவந்திருந்தது.

"மாமா, இதெல்லாம் எதுக்குங்க. கொழந்தை அழுவுது. வாங்க, சாப்புடலாம்."

தன் பக்கத்திலேயே என்னை உட்காரவைத்துச் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பொங்கலுக்கும் அவர் வரவில்லை.

"இன்னும் கோவம் போகலையா உன் தம்பிக்கு?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"கோவமா? அன்னைக்கே அவனுக்குக் கோவமில்லீங்க. இப்பக் கூச்சம். ஒரு பெரிய மனுசனை மைக்குல நிக்கவெச்சுட்டமேன்னு. உங்க மூஞ்சியப் பாக்கக் கூசறான்."

அவமானப்பட்டவர் அவர். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டதற்கும் அவரே கூசினார். இப்படி ஒரு மனிதரை நான் படித்தவர்கள் நடுவில் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு பிற்பகல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மைத்துனர் தோளில் ஒரு வாழைத்தாரோடு நின்றார். "ஈரோட்டுக்குப் போறேனுங்க மாமா, அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றார். தாரைச் சமையலறையில் இறக்கிவைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மோர் வந்தது. ஆட்டத்தைப் பார்த்தோம்.

"மாமா, உங்க டிவில படம் நல்லாத்தானுங்க இருக்குது. சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வருதுங்க. இத்தனை காசக் குடுத்து எப்படிங்க ஏமாந்தீங்க?"

என்னை அவர் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. "ஆமாம் மாப்பிள்ளை, ஏமாந்துதான் போயிட்டேன்" என்றேன். மெல்லிய பெட்டிக்குள் ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதை விளக்க வாய் வரை வந்தது, விளக்கவில்லை. உள்ளேயிருந்து அக்கா கூப்பிட, சாப்பிட எழுந்து போனார். நன்றாகச் சாப்பிட்டார்.

அவள் இன்னும் ஹாலில் வந்து உட்காரவில்லை. கூப்பிடுவதை நானும் விட்டுவிட்டேன். மாலையில் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு நானே சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கே படம் தெளிவாகத்தான் தெரிகிறது. பூண்டு உரிக்கச் சொல்கிறாள். உரிக்கிறேன்.