வார்னிஷ் அடித்த குழாய்

1989 மார்ச் 4, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மேகம் ஒரு துண்டுகூட இல்லை. புழுதிக்காற்றில் பல்லெல்லாம் மண். பந்தல்குடியில் லாரிக்கு பெயிண்ட் அடிக்கும் கடையில் நின்று என் கேமராவின் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே என் முகம் தெரிந்தது.

அருப்புக்கோட்டையில் பௌதிக ஆசிரியராக இருந்துகொண்டே இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்த கேமரா. வானத்தில் அகலமான ஒரு பரப்பை ஒரே படத்தில் பிடிக்கும். மலை உச்சி வானாய்வகத்திலிருந்த பெரிய தொலைநோக்கியின்மேல் அதைப் பொருத்திப் படமெடுக்க, அமாவாசையை ஒட்டி எனக்கு மூன்று இரவுகள் ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் விடியற்காலை பஸ். அகலமாகப் பார்க்கிற கேமராவுக்குள் வெளிச்சம் சாய்வாகவும் நுழையும். உட்சுவர் பளபளத்தால் அதில் பட்டுத் தெறித்து படம் முழுவதும் வெளுத்துப்போகும். உள்ளே சிலேட்டைப்போல மங்கிய கறுப்புதான் வேண்டும் என்று பெயிண்டரிடம் நான்கு தடவை சொல்லியிருந்தேன்.

"மங்கலாத்தான அடிக்கச் சொன்னேன்?"

"அடிச்சேன் சார். பாக்க அடுப்புக்கரி மாதிரி இருந்துச்சு. மலைக்குப் போற சாமான், அவுக நம்மளப் பத்தி என்ன நெனைப்பாக? அதான் மேல ரெண்டு கோட்டு வார்னிஷ் விட்டேன். அதுக்கு நாப்பது ரூவா தனி."

கட்டிலில் படுத்திருந்த லாரி டிரைவர் தலையைத் தூக்கினார். "விடுலே, சாரு அதுக்குள்ள பாத்து சவரம் பண்ணிக்கிடுவாக."

நாற்பதையும் கொடுத்துத் தொலைத்தேன். இருட்டும்வரை நானே உப்புத்தாளால் தேய்த்தேன். காயாத வார்னிஷ் சளிபோலத் திரண்டு விரலில் ஒட்டியது. அந்த நாற்றத்தோடே மறுபடி மங்கல் கறுப்பைப் பூசி, ஈரத்தோடு பஸ் ஏற்றினேன்.

மலைக்குளிரில் அது காயவே இல்லை. பொறுப்பிலிருந்த அதிகாரி முகர்ந்து பார்த்து இரண்டடி பின்வாங்கினார். "இந்த ஆவி தொலைநோக்கிக் கண்ணாடியில படிஞ்சா யார் பதில் சொல்றது? காயிற வரைக்கும் உள்ள கொண்டு வராதீங்க."

மூன்று இரவும் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நான் வெளியே குழாயை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தொட்ட இடமெல்லாம் ரேகை விழுந்தது. ஒரு படமும் எடுக்காமல் இறங்கினேன். மறுபடி வாய்ப்புக் கேட்டு எழுதினேன், தரவில்லை. லென்ஸ், குழாய், பெயிண்ட், வார்னிஷ், பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது பைசா.