டின் பால் குடித்த பிள்ளை

என் மகன் பிறந்து நாற்பது நாள் ஆவதற்குள் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் கிடந்து எழுந்தபோது மார்பில் பால் வற்றிப்போயிருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை அடித்துப் பிரித்த அறை ஒன்றில் நான், என் கணவர், ஐந்து வயது மகள், கைக்குழந்தை என்று நான்கு பேர் இருந்தோம். கீழே, அந்த வீட்டில் குடியிருந்த ஐந்து குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு சமையல்கட்டு. யார் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் கணவர் ஆற்றங்கரைக் கிடங்குகளில் மூட்டை தூக்கினார். குழந்தை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அரிசி மூட்டைகள் சரிந்து முழங்காலில் விழுந்தன. அதன் பிறகு கிடங்கைக் கூட்டிப் பெருக்கும் வேலைதான் கொடுத்தார்கள். கூலி பாதிக்கும் கீழே போயிற்று.

முதலில் மாவுப் பால்தான் வாங்கினோம். மூன்றாவது டின்னிலேயே தெரிந்துவிட்டது, இதைத் தொடர்ந்தால் மற்ற மூன்று பேரும் கஞ்சித் தண்ணீரோடு நிற்க வேண்டியதுதான் என்று. பக்கத்து அறை அக்கா நான்கு பிள்ளை பெற்றவர். "எதுக்கு லா இவ்வளவு விலையில வாங்குற? காப்பிக்கடையில ஊத்துற டின் பால வாங்கு. அதுலயும் மலிவான டின்னு ஒண்ணு இருக்கு. வெந்நீர்ல கரைச்சுக் குடு. என் கடைசிப் பிள்ளையப் பாரு" என்றார். அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. அது தாயிடமும் குடித்துக்கொண்டிருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை.

இனி சொல்லப்போவதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. நான் ஊரில் நான்காம் வகுப்புவரை தமிழ் படித்தவள். டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதில் ஒட்டியிருந்த தாளைச் சுற்றிப் படித்தேன். பல மொழிகளில் பொடி எழுத்தாக இருந்ததில் தமிழும் இருந்தது. கைக்குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று போட்டிருந்தது. விலை கூடிய பாலை விற்பதற்காக இப்படி எழுதுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கரைத்துக் கொடுத்தேன்.

பிள்ளை ஊதிப் பெருத்தான். கன்னம் தொங்கியது, தொடையில் மடிப்பு விழுந்தது. சமையல்கட்டில் எல்லோரும் வாங்கிக் கொஞ்சினார்கள். எட்டாம் மாதம் வாக்கில் வயிற்றுப்போக்கு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அதோடு வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். சன்னல் பக்கம் தூக்கிப்போனால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வான். கண்ணேறு என்றார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். பக்கத்து அறை அக்கா தன் பாலையே பீய்ச்சி அவன் கண்ணில் விட்டார். ஒரு காலையில் நானே இமையை விலக்கிப் பார்த்தேன். வலது கண்ணின் கருவிழி ஈரம் இல்லாமல், சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி மங்கியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் அதிகம் பேசவில்லை. தமிழ் பேசும் தாதி ஒருவர்தான் கேட்டார்.

"என்ன பால் குடுத்தீங்க?"

சொன்னேன்.

"டின்னுல எழுதியிருக்கே, பார்க்கலையா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன்.

அவர் குரல் உடனே இளகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விளக்கினார். அந்தப் பாலில் கொழுப்பை எடுத்துவிடுகிறார்கள், கண்ணுக்கு வேண்டிய சத்து அதோடு போய்விடுகிறது, பிள்ளை குண்டாகத் தெரிந்தாலும் உள்ளே பட்டினிதான் என்றார். ஊசி போட்டார்கள், மீன் எண்ணெய் கொடுத்தார்கள். இடது கண் தப்பியது. வலது கண் போனது போனதுதான்.

பப்பாளி, கீரை, ஈரல், முட்டையின் மஞ்சள் கரு என்று தாதி சொல்லி அனுப்பினார். அன்றுமுதல் எனக்கு அது ஒன்றே வேலை. கங்கோங் கீரை தேக்கா சந்தையில் மலிவாகக் கிடைத்தது. கடை கட்டும் நேரத்துக்குப் போனால் அடிபட்ட பப்பாளியைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். ஈரல் எப்போதாவது கைப்பிடி அளவு. ஒரு நாளைக்கு ஒரு முட்டை, அது அவனுக்கு. நான்கு வருடம் அவன் தட்டைத் தவிர வேறு தட்டை நான் பார்க்கவே இல்லை.

மகள் என்ன சாப்பிட்டாள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சோறு, ரசம், கீரை வெந்த தண்ணீர். சில நாள் நெத்திலிக் கருவாடு இரண்டு. முட்டை பிடிக்காது என்பாள். நானும் நம்பினேன். பிடிக்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றவள் மயங்கி விழுந்தாள். கையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் அவளே எங்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம். வீட்டுல போதுமான சாப்பாடு குடுக்கலைன்னு எழுதியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் அப்படிச் சொல்லலம்மா" என்றாள்.

அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "முட்டை புடிக்காதுன்னு நீதானே சொன்ன?" என்று கேட்டார்.

அவள் கடிதத்தை மடித்தாள். "ஒண்ணுதானப்பா இருந்துச்சு."

மகன் ஒன்றும் புரியாமல் என் மடியில் ஏறி உட்கார்ந்தான். எனக்கு அப்போது அவனைக் கீழே இறக்கிவிட வேண்டும் போலிருந்தது. இறக்கவில்லை. அவனை இடுப்பில் வைத்தபடியே எழுந்து, கீழே போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

அடுத்த வாரமே அவர் கிடங்கில் பேசி மறுபடி மூட்டை தூக்கப் போனார். "கால் தாங்காதுங்க" என்றேன்.

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும். இனிமே ரெண்டு முட்டை வாங்கு."

வாங்கினேன். முதல் நாள் மகள் தட்டில் வைத்தபோது அவள் அதை உடனே தின்னவில்லை. தம்பி தட்டைப் பார்த்தாள், அவனுக்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாயில் வைத்தாள். ஆறு மாதத்தில் அவள் உதட்டில் நிறம் வந்தது. தினமும் ஏதாவது கீரையும், வாரத்தில் நான்கு நாளாவது மீனும் எங்கள் வீட்டில் இருந்தது அந்த வருடங்களில்தான்.

அவர் ஏழு வருடம் தூக்கினார். அறுபதுகளின் நடுவில் முழங்கால் ஒரேயடியாக மடங்காமல் போயிற்று. அதன் பிறகு மாடி ஏறும்போது படியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறி வருவார். மகள் மேலிருந்து இறங்கி அவர் அக்குளில் கைகொடுப்பாள். மகன் கீழே நின்று அவர் செருப்பை எடுத்துக்கொள்வான்.