சபை கூடட்டும் என்று காத்திருந்தேன்

முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, என் தையல்கார அக்கா. தம்பி பிரபுவின் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தேன். டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்தவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"இடது பக்கம் உள்ளுக்கு இழுத்த மாதிரி இருக்குதுங்க அம்மணி. போன தடவை இப்படி இல்லீங்களே."

"வயசாகுதுல்லீங்க்கா" என்று சிரித்து வைத்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு.

அந்த ஜாக்கெட் இணைச்சீருக்கானது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை அவனோடு சேர்த்து நிறுத்திச் செய்கிற சீர் அது. இவனுக்குப் பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளின் பந்தம் அறுந்துபோகாது என்று சபையறியச் சொல்வது. எனக்கு ஒரே தம்பி. அப்பா மாரடைப்பில் போன பிறகு அவனைப் படிக்க வைத்ததில் என் சம்பளமும் உண்டு. அந்தச் சீருக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது பயாப்ஸி (ஊசியால் திசுவை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாக எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கேட்டார்: "உங்க குடும்பத்துல, அப்பா வழியிலயோ அம்மா வழியிலயோ, யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா எனக்கு முன்னால் பதில் சொன்னார். "ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்லீங்க டாக்டர். எங்களுதெல்லாம் கல்லு மாதிரி ஒடம்புங்க."

டாக்டரம்மா 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். சின்ன வயது என்பதால் மரபணுச் சோதனை செய்துவிடலாம் என்றார். வீட்டில் யாருக்கும் இல்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள்தான் தள்ளிப் போட்டோம்.

இரண்டாவது கீமோவுக்குப் (புற்றணுக்களை அழிக்க நரம்பு வழியே ஏற்றும் மருந்து) பிறகு முடி கொத்துக் கொத்தாக வந்தது. மீதியை நானே மழித்துக்கொண்டேன். அந்த வாரம் வெள்ளகோவிலிலிருந்து அம்மாவும் தம்பியும் சிங்காநல்லூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பை மாதுளையோடு வந்தார்கள்.

"பொண்ணு வீட்டுல இன்னும் சொல்லலீங்க்கா" என்றான் பிரபு. "சொன்னா ஆயிரம் கேள்வி வரும். நீங்க மொட்டைத் தலையோட சபையில வந்து நின்னா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க்கா."

"விக்கு வெச்சாலும் தெரிஞ்சு போயிருங் கண்ணு" என்றார் அம்மா.

"இணைச்சீருக்கு?" என்று கேட்டேன்.

"மைதிலிய நிக்கச் சொல்லிப்போட்டோம்."

மைதிலி என் பெரியப்பா மகள், அப்பாவின் அண்ணனுடைய பெண். என்னைவிட ஐந்து வயது சின்னவள். என் வீட்டுக்காரர் மட்டும், "இது நியாயமில்லீங்க அத்தை" என்றார். அம்மா மாதுளைப் பையை அவர் பக்கம் நகர்த்தி, "எடுத்து வையுங்க மாப்பிள்ளை" என்றார். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் அறுப்பார்கள்.

சொந்தக்காரர்களிடம் சொல்ல ஒரு கதையும் தயாராக இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் துபாயில் திடீரென்று வேலை கிடைத்தது, இருவரும் போய்விட்டார்கள், லீவு கிடைக்கவில்லை. ஆகவே என் தம்பிக்குச் சீர் நடந்த அன்று நான் துபாயில் இருந்தேன். அதாவது சிங்காநல்லூர் மாடி வீட்டில், ரசம் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் மைதிலி நின்றிருந்தாள். அழகாக இருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. "துபாய் எப்படி இருக்குதுங்க்கா? நீங்க இல்லாம என்னைய நிக்க வெச்சுட்டாங்க. கோவிச்சுக்காதீங்க." அவளுக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் நான் பதில் அனுப்பவில்லை.

மருந்து ஏற்றும் கூடத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் வருவார். ஒருநாள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இனி வாழ்வில் என்ன செய்ய ஆசை, அது ஏன் என்று எழுதச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் பவானியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், மகளின் பிரசவத்துக்குக் கூட இருக்க வேண்டும் என்று எழுதினார். நான் எழுதியது இது: 'முழுதாகக் குணமாக வேண்டும். தலை நிறைய முடியோடு என் தம்பி வீட்டு விசேஷத்தில் முதல் வரிசையில் உட்கார வேண்டும். காரணம், அவர்களுக்குச் சோறு தொண்டையில் சிக்க வேண்டும்.'

ஆலோசகர் இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இதுக்காகவாவது சாப்பிடுவீங்கல்ல?" என்றார்.

சாப்பிட்டேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது அந்த நாற்காலியில் இருக்கலாம். நேர்மறையாக நினையுங்கள், எல்லோரையும் மன்னித்துவிடுங்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். எனக்கு அது ஒருநாளும் வேலை செய்யவில்லை. வாய்ப்புண்ணில் தண்ணீர்கூட இறங்காத நாட்களில் நான் கோபத்தைத் தொட்டுக்கொண்டுதான் கஞ்சி குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் தம்பியின் முகத்தை நினைத்துக்கொள்வேன். கெட்ட காரணத்துக்காகப் பிழைத்தாலும் பிழைப்பு பிழைப்புதான் என்று அப்போது நம்பினேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுதாக அகற்றுவது). பிறகு கதிர்வீச்சு. இடது கையில் லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) வந்து, இறுக்கமான கையுறை போடாமல் இருக்க முடியாது என்றானது. முடி திரும்ப வந்தது, சுருட்டையாக. 'துபாயிலிருந்து திரும்பிய' என்னைப் பார்த்த சொந்தங்கள், அந்த ஊர்த் தண்ணீர் முடிக்கு ஆகாது என்று பரிதாபப்பட்டார்கள். அம்மா பக்கத்தில் நின்று ஆமாம் போட்டார்.

எஞ்சியிருந்த மார்பகத்தையும் சினைப்பைகளையும் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில்தான், தள்ளிப் போட்ட மரபணுச் சோதனையைச் செய்தோம். கோளாறு இருந்தது. பரம்பரையாக வருவது, சினைப்பையிலும் புற்றை வரவழைக்கக்கூடியது. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கி, பழைய தாளில் இருந்த 'இல்லை'யைப் பார்த்தார்.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்தேன். முடிவைச் சொன்னதும் முதலில் ஆஸ்பத்திரியைத் திட்டினார். பிறகு, "உன்ற சரசு அத்தைக்கு இருந்துச்சு கண்ணு" என்றார்.

சரசு அத்தை அப்பாவின் தங்கை. நான் குழந்தையாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் இறந்துபோனவர் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"காமாலைன்னீங்களே?"

"மாருல புண்ணு. காமாலைன்னு சொல்லிப்போட்டோம். ஊருக்குத் தெரிஞ்சிருந்தா உங்க யாருக்காச்சும் கல்யாணம் ஆயிருக்குமா சாமி?"

நான் பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவள். காற்றேற்றித் தண்ணீரில் முக்கினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அனுப்பினால் எவனோ ஒரு விவசாயியின் கிணற்றில் அது தெரியவரும். அம்மா பார்த்தும் அனுப்பியிருக்கிறார். என்னை. டாக்டரின் முகத்துக்கு நேராக.

சரசு அத்தையைப் பற்றி எனக்கு யாராவது சொல்லியிருந்தால் முப்பது வயதிலிருந்தே சோதித்துக்கொண்டிருப்பேன். ஜாக்கெட் அளவெடுக்கிறவர் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி ஆகியிருக்காது. அன்றைக்கு நான் அழவில்லை. பழிவாங்க வேண்டும் என்று மட்டும் தெளிவாக நினைத்தேன்.

டாக்டரம்மா ஒரு கடிதம் கொடுத்தார். என் இரத்த உறவுகள், முக்கியமாக அப்பா வழிப் பெண்கள், உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. தம்பிக்கும் அந்தக் கோளாறு இருக்கலாம், இதற்குள் அவனுக்குப் பிறந்திருந்த மகளுக்கும் போகலாம். "நாங்க நேரா அவங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்கதான் சீக்கிரம் கொடுக்கணும்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. தம்பி மகளுக்குக் காதுகுத்து வரவிருந்தது. குலதெய்வக் கோயில் மண்டபத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடும். பெண் வீட்டார் எல்லோரும் இருப்பார்கள். தனியாகக் கொடுத்தால் இந்தக் கடிதத்தையும் காமாலை ஆக்கிவிடுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குச் சபை வேண்டியிருந்தது. கடிதம் ஐந்து மாதம் என் கைப்பையில் கிடந்தது. "ஏனுங்க, இதுல விளையாட வேண்டாம்" என்று கடைசியில் வீட்டுக்காரர் என்னைக் கெஞ்சினார்.

காதுகுத்து அன்று பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தேன். குழந்தை அழுது ஓய்ந்து, முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. பிரபு இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தான்.

"நல்லாச் சாப்புடுங்க்கா. துபாயில இதெல்லாம் கெடைச்சிருக்காது" என்றான், அவன் மாமனார் காதில் விழும்படி.

எழுந்து நின்றேன். "நான் துபாய் போகல பிரபு. எனக்குக் கேன்சர். உன்ற கல்யாணத்தன்னிக்கு மொட்டைத் தலையோட சிங்காநல்லூர்லதான் இருந்தேன். சரசு அத்தை செத்ததும் காமாலையில இல்ல, இதே நோவுலதான். இது நம்ம ரத்தத்துல வருது. உனக்கும் இருக்கலாம், உன் பொண்ணுக்கும் வரலாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க."

"மெதுவாப் பேசுங்க்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். நான் மெதுவாகப் பேசவில்லை. கடிதத்தின் நகலை அவன் மனைவியின் கையிலேயே கொடுத்தேன். அவள் படித்துவிட்டு அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு ருசித்தது. பொய் சொல்ல மாட்டேன், கடைசி வரை ருசித்தது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் உட்கார்ந்து பாயசத்தை முடித்தேன்.

கை கழுவுகிற இடத்துக்கு மைதிலி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அந்தக் கடுதாசிய நானும் பாக்கலாமுங்களா?" என்றாள்.

கொடுத்தேன். படித்தாள். அவளுடைய வலது கை தன்னையறியாமல் அக்குளுக்குப் போனது.

"ரெண்டு மாசமா இங்க ஒரு கட்டி இருக்குதுங்க்கா. வலியில்ல. பால் குடி மறக்கடிச்சதுனால இருக்கும்னு விட்டுட்டேன். நம்ம வீட்டுல யாருக்கும் எதுவும் இல்லீங்களே."

பிறகு கடிதத்தின் மேல் மூலையில் விரலை வைத்தாள். அங்கே தேதி இருந்தது. மனதுக்குள் எண்ணினாள். அவள் உதடு அசைவது தெரிந்தது.

"அஞ்சு மாசமா வெச்சிருந்தீங்களா?"

குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினேன். பந்தியில் அத்தனை வார்த்தை பேசியவள் நான். அவள் கேட்டதையே மறுபடி கேட்டாள். "ஆமா மைதிலி" என்றேன்.

மறுநாள் காலை அவளை நானே கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனேன். அதே அறை, அதே டாக்டரம்மா, அதே கேள்வி. குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கிறதா? "இருந்துச்சுங்க. எங்க அத்தை சரஸ்வதிக்கு. அப்புறம் எனக்கு" என்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், மைதிலியைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சோதனை முடிவுகள் வந்தபோது நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. குணப்படுத்த முடியும், ஆனால் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு மருந்து தேவைப்பட்டிருக்காது என்றார்.

தம்பியை நான் மன்னிக்கவில்லை. அம்மாவையும்தான். அவர்கள் செய்தது செய்ததுதான். ஆனால் அவர்கள் என்னை மறைத்ததும் நான் கடிதத்தை மறைத்ததும் ஒரே வேலை என்பது இப்போது எனக்குத் தெரியும். அவர்கள் மானத்துக்காகச் செய்தார்கள், நான் பழிக்காகச் செய்தேன். மைதிலிக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களிடம் அப்படி ஒரு கடிதம் இருந்தால் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

என் உடம்பு இப்போது தேவலை. இடது பக்கம் தொட்டால் உணர்ச்சி இல்லாத ஓர் இடம் இருக்கிறது, அதற்குப் பழகிவிட்டேன். முன்பெல்லாம் என் அடுத்த பரிசோதனை எப்போது என்றுதான் நாட்களை எண்ணுவேன். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் மைதிலியின் கீமோ நாளைக் கொண்டு எண்ணுகிறேன். ஐந்து மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒவ்வொரு முறையும் நான்தான் கூடப் போகிறேன். அவள் அதிகம் பேசுவதில்லை. போன தடவை மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "வர வேண்டாம்னு சொல்ல மாட்டேங்க்கா. எனக்கு ஆள் வேணும். அதுக்காக மன்னிச்சுப்போட்டேன்னு நினைச்சுக்காதீங்க. உங்கள நாலு வார்த்தை கேக்கணும். இப்ப தெம்பில்ல."

"தெம்பு வந்ததும் கேளு அம்மணி" என்றேன். "நான் எங்கயும் போகல."

சும்மா ஆறுதலுக்குச் சொன்னதல்ல. திங்கட்கிழமை என் சினைப்பைகளை எடுத்துவிட ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். அவள் என்னைக் கேட்டு முடிக்கும்வரை நான் உயிரோடு இருந்தாக வேண்டும்.