ஒரு எட்டு எறங்கிப் பாருங்க

அடைப்பு எடுக்கற தொழில்ல கை நாத்தம் சோப்புக்குப் போயிருமுங்க. காதுல விழுந்த பேச்சுதான் போகாது. இப்பக்கூட ரப்பர் கையுறையைக் கழுவிக் கொடியில போட்டுட்டு, நடுநடுவுல ஈரக்கையைத் துடைச்சுத்தான் இதை எழுதறேன்.

எங்களுது மோட்டார்ல சுத்தற ஸ்பிரிங் மிஷின். எங்க ஊட்டுக்காரர் ஸ்பிரிங்கைக் குழாய்க்குள்ள விடுவாரு, சுவிட்சு என் கையில. முன்னெல்லாம் இடுப்புல கயிறு கட்டி அவரேதான் சாக்கடைக் குழிக்குள்ள எறங்குவாரு. பாப்பா பொறந்ததும் மிஷின் வாங்கி, "இனி எறங்கமாட்டேன்"னு அவ தலையைத் தொட்டுச் சொன்னாரு. அந்தக் கயித்தைத்தான் துணி காயப்போடக் கொடியாக் கட்டிப்போட்டேன்.

போண்டா எண்ணெய்

உங்க ஊட்டு சிங்க்கும் நின்னிருக்கும். சுட்ட எண்ணெயைச் சூடா ஊத்துவோம். உள்ள போய் ஆறி மெழுகாட்டம் ஒட்டிக்கும், அதுமேல சோத்துப் பருக்கை, டீத்தூள். சிங்காநல்லூர்ல ஒரு ஊட்டுல இழுக்க இழுக்க வெள்ளை வெள்ளையாக் கட்டி வந்துச்சு. அடுப்புல போண்டா பொரிஞ்சுட்டிருக்க, அந்தக்கா எட்டிப் பாத்துச் சொன்னாங்க: "எங்களுது இல்லீங்க, நாங்க எண்ணெயே சேத்தறதில்லை."

வேப்பமர வேர்

அவிநாசியில குழாய் இணைப்புக்குள்ள வேப்பமர வேர் நொழைஞ்சு சடையாட்டம் நிக்குது. ஸ்பிரிங் சிக்கிக்கிச்சு. வெட்டற முனையை மாத்தி மெதுவா அறுத்தெடுக்கோணும். குழிக்குள்ள எறங்கச் சொன்னதும் இவரு என்னைப் பாத்தாரு. "எறங்கமாட்டாருங்க"ன்னு நானாச்சும் சொல்லியிருக்கோணும். நான் சுவிட்சைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டேன். "சளி புடிச்சிருக்குங்க"ன்னு இவரே சமாளிச்சாரு. ஏன்னா, அந்த ஊட்டு அண்ணன் அவ்வளவு தன்மையாக் கேட்டாரு: "மிஷின் நேரமாகுமுங்க, ஒரு எட்டு எறங்கிப் பாருங்களே, காப்பி போட்டு வெக்கச் சொல்றேன்."

கல்யாண மண்டபம்

உக்கடம் பக்கம் ஒரு மண்டபத்துல குழி பூரா எச்சில் இலை, பேப்பர் டம்ளர். வேகமாத் தண்ணி பீச்சற லாரி சந்துக்குள்ள வரலை. "போன தடவ வந்தவரு எறங்குனாருங்களே"ன்னாரு மேனேஜர். எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, "அவரு இப்ப எங்கீங்க?"ன்னு கேட்டுப்போட்டேன். தலையைச் சொறிஞ்சாரு. "அது தெரியலீங்க அம்மிணி, அப்பறம் அவரு போன் எடுக்கறதே இல்லீங்க."

இப்ப வாசல்ல இவரு போன்ல பேசிட்டிருக்காரு. "சரிங்க… அப்படீங்களா… சரிங்க." முடியாதுன்னு இவருக்கும் சொல்ல வராது. எங்களை இத்தனை நாள்ல ஒருத்தரும் மரியாதை இல்லாம பேசுனதில்லீங்க, குழிக்குள்ள எறங்கச் சொல்றப்பக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்றாங்க, அதனாலதான்…

"அம்மிணி, அந்தக் கொடிக்கயித்தை அவுத்துட்டு வா"ன்னு கூப்புடறாரு. "பாப்பா கவுன் இன்னும் காயலீங்க மாமா, இன்னைக்குக் காயவே காயாதுங்க"ன்னு நான் சொல்லிட்டிருக்கேன்.