நான் கைமாற்றிவிட்ட கோப்பு

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு என்ன வரிச்சலுகை கொடுக்கலாம், பதிலுக்கு என்ன கேட்கலாம் என்று எழுதிக்கொடுக்கும் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. என் மனைவிக்கோ அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில், தெம்பனிஸ் தொழிற்பேட்டையில், இருபது வருடமாக வேலை. கணினிச் சில்லுகளைப் பரிசோதிக்கும் பிரிவு. "எங்க கம்பெனிக்கு நீங்க குடுக்கிற மரியாதையில பாதி எனக்குக் குடுங்க" என்று அடிக்கடி வாருவாள்.

ஒருநாள் அந்த நிறுவனத்தின் கோப்பே என் மேசைக்கு வந்தது. சலுகையை நீட்டிக்காவிட்டால் வேறு நாட்டுக்குப் போய்விடுவோம் என்று எழுதியிருந்தார்கள். மனைவி வேலை பார்க்கும் இடம் என்றால் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. படிவம் நிரப்பிப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டிலும் மூச்சுவிடக்கூடாது.

வாயைக் கட்டினேனே தவிர, புத்தியைக் கட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, சமையலறைக்குப் புது அலமாரி ஆர்டர் கொடுக்கப் போவதாக இருந்தோம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்று உளறினேன். மூன்று வருடமாக அந்த அலமாரிக்காக அவளை நச்சரித்தவனே நான்தான். அவள் நின்றுவிட்டாள்.

"எங்க கம்பெனியா?"

நான் மீன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

"சரி லா. நீங்க ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல."

இரண்டு மாதம் அவள் கேட்கவே இல்லை. அந்த மனசு எனக்கு வராது.

முடிவை அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். "எங்க செக்‌ஷன மூடுறாங்க. ஆனா யாரையும் வேலைய விட்டு அனுப்பல. புதுசா ஒரு செக்‌ஷன் வருதாம், சம்பளத்தோட டிரெய்னிங் குடுத்து எங்களையே போடுவாங்களாம். சலுகை வேணும்னா அதச் செய்யணும்னு கவர்மெண்ட் கண்டிஷன். உங்க ஆபீஸ்ல யாரோ நல்ல மனுஷன் இருக்கார்ங்க."

இருக்கிறார், பக்கத்து மேசையில். அவர் எல்லாக் கோப்பிலும் அந்த நிபந்தனையை எழுதுவார். சரிபார்க்க என்னிடம் வரும்போது, கெடுபிடி செய்தால் கம்பெனிக்காரன் ஓடிவிடுவான் என்று மல்லுக்கு நின்று நான் அதை வெட்டுவேன். பல வருடமாக இதுதான் நடந்தது. இந்தக் கோப்பை மட்டும் என்னால் தொட முடியவில்லை.

சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசம் ஊற்றினாள்.

"நல்லவேளை, என்னைக் கட்டிக்கிட்டீங்க."