தங்கப்பனுக்கு ஒரு ஞாயிறு

தங்கப்பனுக்கு வயது அறுபத்தொன்று. கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு சபையில் இருபத்தாறு வருடமாகக் கோயில்குட்டி. மணி அடிப்பது, பாய் விரிப்பது, நாற்காலி இழுத்துப் போடுவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது எல்லாம் அவர் பாடு. அதற்கு முன்பு தென்னை ஏறிக்கொண்டிருந்தார். ஒருநாள் மட்டையோடு சேர்ந்து கீழே வந்தார். இடுப்பெலும்பு கூடிவிட்டது, ஆனால் பிறகு மரம் ஏற முடியவில்லை. சபை இரங்கி இந்த வேலையைக் கொடுத்தது. இரங்கிக் கொடுத்த வேலை என்பதாலேயே லீவு கேட்க அவருக்கு வாய் வந்ததில்லை.

ஊரே ஆராதிக்கிற நேரத்தில் அவர் வாசலோரம் நிற்பார். மைக் இரைந்தால் ஓட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் துணியோடு ஓட வேண்டும். கடைசிப் பாட்டு முடிவதற்குள் காணிக்கைத் தட்டை எடுத்து வைக்க வேண்டும். போன பிப்ரவரியில் அவருடைய மகள் ஷைனியின் பிள்ளைக்குக் குழித்துறையில் ஞானஸ்நானம். அன்றைக்குத்தான் இங்கே சபை ஆண்டு விழா. மனைவி லீலாபாய் மட்டும் பஸ் ஏறினாள். தங்கப்பன் போட்டோவைப் போனில் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலைகளில் குமாரதாஸ் சார் வீட்டில் வேதபாடக் குழு கூடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எட்டுப் பேர் வருவார்கள். பாட்டுப் புத்தகங்களைச் சுமந்து வருகிற தங்கப்பன் ஒன்பதாவது ஆள், கதவோரத்தில் உட்காருவார்.

அன்றைக்கு வெளிப்படுத்தின விசேஷம் நாலாம் அதிகாரம். பரலோகத்தில் ஒரு சிம்மாசனம், அதைச் சுற்றி இருபத்துநாலு மூப்பர்கள், அவர்கள் கிரீடத்தைக் கழற்றி வைத்து விழுந்து பணிவது, உடம்பெல்லாம் கண்ணுள்ள நாலு ஜீவன்கள் இரவும் பகலும் ஓய்வில்லாமல் துதிப்பது என்று குமாரதாஸ் நிதானமாக விளக்கினார். பிறகு ஒவ்வொருவரும் மனதில் தைத்ததைச் சொல்லச் சொன்னார். சிம்மாசனத்துக்கு முன்னாலுள்ள கண்ணாடிக் கடலைப் பற்றி ஒருவர், அதைச் சுற்றியுள்ள வானவில்லைப் பற்றி ஒருவர். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அன்னக்கிளி, அத்தனை பேரும் சேர்ந்து பாடுகிற சத்தத்தைப் பற்றிச் சொன்னாள்.

“தங்கப்பா, நீயும் ஒண்ணு சொல்லு,” என்றார் குமாரதாஸ்.

இத்தனை வருடத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை.

“அந்த இருபத்துநாலு சிம்மாசனத்தையும் அங்க யாரு எடுத்துப் போட்டா சாரே?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“வெளையாட்டுக்குக் கேக்கல்ல. ஓய்வில்லாமெ எண்ணு வாசிச்சிய. ஒங்களுக்கெல்லாம் அதக் கேக்கச்செ சந்தோசமா இருக்கும். எனக்கு மேலு வலிக்கு. அங்கயும் ஓய்வில்லெண்ணா நான் அங்க வந்து என்ன செய்யதுக்கு?”

சிரிப்பு அடங்கியது. குமாரதாஸ் பக்கங்களைப் புரட்டினார். பதினாலாம் அதிகாரத்தில், பட்ட பாடுகளை விட்டு இளைப்பாறுவதைப் பற்றி இருந்ததை வாசித்தார்.

“அது மரிச்சவங்களுக்குள்ளதுல்லா சாரே,” என்றார் தங்கப்பன்.

குமாரதாஸ் வேதத்தை மூடி மடியில் வைத்தார். “ஒனக்கு என்ன ஆச்சு தங்கப்பா?”

“எனக்க மொவளுக்க பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்துது. நான் போவல்ல. அத்தறதான்.”

அன்னக்கிளி அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, வாற ஞாயிறு நான் மணி அடிக்கேன். பாயும் விரிக்கேன். நீங்க மொவ வீட்டுக்குப் போங்க.”

“கமிட்டி சம்மதிக்காண்டாமா?”

“கமிட்டியில நான் பேசுகேன்,” என்றார் குமாரதாஸ்.

பேசினார். முகம் சுளித்தாலும் சரி என்றார்கள்.

ஞாயிறு காலையில் குழித்துறைக் கோயிலில், லீலாபாய்க்கும் ஷைனிக்கும் நடுவில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தங்கப்பன் உட்கார்ந்தார். முதல் பாட்டுக்கு எழுந்து நின்றார். வரிகள் பாதி மறந்திருந்தன. மேலே ஒரு மின்விசிறி கறகறத்தது. எண்ணெய் விடணும் என்று நினைத்தார். இரண்டாம் பாடம் வாசிக்கும்போது தலை சாய்ந்தது. பிரசங்கம் முழுவதும் உறங்கினார். ஷைனி பிள்ளையை மெல்லத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள், அப்பாவை எழுப்பவில்லை.

ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் எழுந்த சத்தத்தில் அவர் பதறி எழுந்து, தட்டு எங்கே என்று தேடினார். லீலாபாய் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“ஒறங்கிட்டேன் என்னா?” என்றார்.

“ஆமா. கொறட்டையும் விட்டிய.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜனங்கள் வெளியே போய் முடிகிறவரை அந்த பெஞ்சிலேயே இருந்தார். யாரோ ஒருவர் வந்து பாய்களைச் சுருட்டத் தொடங்கினார். தங்கப்பன் எழுந்து உதவப் போகவில்லை.