பெரியம்மா வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு

அம்மா இல்லாத என்னை வளர்த்து ஆளாக்கியவர் பெரியம்மா. தென்காசியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் துப்புகிறவனைக்கூட நிறுத்தி, "நாகரிகம் வேண்டாமா?" என்று கேட்டுவிடுவார். நான் கட்டிக்கொள்ளப் போகிற கடையத்துக்காரரை அவரிடம் காட்டி ஒரு 'சரி' வாங்கத்தான் இந்தச் சாரல் காலத்தில் கூட்டிப் போனேன். அவர் சரி சொல்லாமல் எனக்குக் கல்யாணம் என்று ஒன்று இல்லை, அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காலையில் குற்றாலத்தில் குளித்தோம். பேரருவியில் நல்ல கூட்டம். யார் தலையில் பட்ட தண்ணீர் யார் முதுகில் விழுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் பசியோடு போய் இலையில் உட்கார்ந்தோம்.

"தம்பிக்குக் கடையத்துல எந்தத் தெரு?" என்று கேட்டார் பெரியம்மா. இவர் மறைக்காமல் சொன்னார். பெரியம்மா முகம் மாறவே இல்லை. இன்னொரு கரண்டி பாயசம்கூட ஊற்றினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அதே இனிப்பான குரலில் சொன்னார்: "தம்பி, அந்த இலைய எடுத்துப் பின்னால குப்பைத் தொட்டில போட்டுட்டு வந்திருங்க."

விருந்தாளி சாப்பிட்ட இலையை வீட்டுக்காரர்கள் எடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கடையத்தில் இவருடைய அம்மா என் இலையை என்னைத் தொடவே விடவில்லை. "வீட்டுக்கு வந்த பிள்ள இலை எடுக்கவா?" என்று கையைத் தட்டிவிட்டார். இங்கே கேட்டது என் பெரியம்மாதானா? இத்தனை வருஷம் அவர் எனக்குச் சொல்லித்தந்த நாகரிகம் இவ்வளவுதானா?

இவர் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். எத்தனை வீடுகளில் பழகிய கை அது! கோபம்கூட இல்லாத அந்த மடிப்புதான் என்னை உலுக்கிப் போட்டது.

இவர் கொல்லைக்குப் போனதும் பெரியம்மா என் தலையைத் தடவினார். "நல்ல பையன்ட்டி. நான் குறுக்க நிக்க மாட்டேன். கல்யாணத்துக்கும் வாரேன். அங்கன சாப்பிட மட்டும் என்னைக் கூப்பிடாத, என்ன?"

கேட்டு வந்த சரி கிடைத்துவிட்டது. பெரிய மனசு பண்ணிவிட்ட திருப்தியோடு, என் இலையை எடுக்க அவர் குனிந்தார்.

"அப்படின்னா கல்யாணத்துக்கு வராதீங்க பெரியம்மா" என்றேன். அவர் கைக்கு முந்தி என் இலையை எடுத்துக்கொண்டு நானும் கொல்லைக்குப் போனேன்.